ஒரிஜினல்தான், அம்மா

"இதோட முள்ளு பிற்பாடு மாத்தினது மாதிரி இருக்கே, தம்பி?"

கடைக்காரர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பழைய கைக்கடிகாரங்களை வாங்கி விற்பதில் இருபது வருஷம் ஊறியவர். எந்நேரமும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டிருப்பதால், தெருவில் அவருக்கு லென்ஸ்காரர் என்றே பெயர். குற்றம் சொல்லிச் சொல்லியே விலையைக் குறைக்கப் பார்க்கிறவர்களை அவர் நிறையப் பார்த்தாயிற்று.

இந்த அம்மாள் கொஞ்சம் வேறு மாதிரி. மூன்று நாளாகத் தூறலில் குடையோடு வெளியே நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு கடிகாரத்தையே பார்த்துவிட்டுப் போனாள். இன்றைக்குத்தான் உள்ளே வந்திருக்கிறாள். வாங்காமல் போகமாட்டாள் என்று அவருக்குப் பட்டது.

பொறுமையாகவே விளக்கினார். முள்ளிலும் டயலின் புள்ளிகளிலும் இருக்கும், இருட்டில் ஒளிரும் பூச்சு ஒரே மாதிரி பழுப்பேறியிருக்கிறது. முள்ளை மாற்றியிருந்தால் அது மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்திருக்கும். அப்படியானால் டயலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்றாள் அவள். அவர் பூதக்கண்ணாடியை அவளிடமே கொடுத்தார். மறுபடி அடித்த டயலில் எழுத்து தடித்துப்போய், ஓரம் கலங்கியிருக்கும். இதில் ஒவ்வோர் எழுத்தும் கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தது.

அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"மேல இருக்கிற கண்ணாடி?"

"அது மாத்தினதுதாம்மா." பொய் சொல்லி விற்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. "பாத்தீங்களா? கண்ணாடியே வேறன்னா உள்ளேயும் எல்லாம் வேறயாத்தான் இருக்கும். நாலு கடிகாரத்தைப் பிரிச்சு ஒண்ணாச் சேத்திருப்பாங்க."

லென்ஸ்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒட்டுப்போட்ட சரக்கை அவர் கடையில் வைத்ததே கிடையாது. கண்ணாடி கீறல் விழுந்தால் யாரும் மாற்றுவதுதான், அதை வைத்து எடை போடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பின்மூடியைத் திறந்தார். இயந்திரத்தில் பொட்டுத் துரு இல்லை. மூடியின் உட்புறம், பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிவிட்டுப்போன மூன்று தேதிகள். அவற்றுக்குக் கீழே கடிகாரத்தின் எண். "ஒரிஜினல்தான், அம்மா" என்று, அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்துக் காட்டினார்.

அவள் கைப்பையிலிருந்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாளை எடுத்து விரித்தாள். கடிகாரம் புதிதாக வாங்கியபோது கொடுத்த உத்தரவாதச் சீட்டு.

"இன்னொரு தடவ படிங்க."

படித்தார். சீட்டின் மேல் நகர்ந்துகொண்டே போன அவள் விரல், கடைசி இலக்கத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவள் எந்தக் குறையும் சொல்லவில்லை.

சீட்டிலும் அதே எண் இருப்பதை லென்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். திருட்டுப் பொருள் தலையில் விழுந்துவிட்டது என்றால் இனி போலீஸ் படி, கோர்ட்டுப் படி என்று ஏறி இறங்கவேண்டியதுதான். தான் நேர்வழியில்தான் வாங்கியதாக அவசர அவசரமாகச் சொன்னார். ஆறு வாரத்துக்கு முன்னால் ஓர் ஆள் கொண்டுவந்தான். அப்பாவுடையது, பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை என்று இதே இடத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மேஜை இழுப்பறையைத் துழாவி, அந்த ஆளின் அடையாள அட்டை நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் படத்தை ஒரே ஒரு முறைதான் பார்த்தாள்.

"என் பெரிய பையன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரலும் இளகியது.

"வீட்டு விஷயம்தானேம்மா. கையில காசில்லாத நேரத்துல, உங்ககிட்டச் சொல்லாம பீரோவுலேருந்து எடுத்துட்டு வந்திருப்பாரு. மனசுல வச்சுக்காதீங்க. நான் வாங்கின விலைக்கே தந்துடறேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"பீரோவுல இல்ல, தம்பி." அவள் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "ரெண்டு மாசத்துக்கு முன்னால அவரை அடக்கம் பண்ணப்போ, நான்தான் இதை அவர் கையில கட்டிவிட்டேன். பெட்டியை மூடுறதுக்கு முன்னால, அப்பாகூட அஞ்சு நிமிஷம் தனியா இருக்கணும்னு அழுது, எங்க எல்லாரையும் வெளிய அனுப்பினவன் அவன்தான்."