பத்தொன்பது இலக்கம்

டயாலிசிஸ் பிரிவின் கதவு திறக்கவில்லை. 'நல்லசிவம் இறந்துவிட்டார்' என்று அதன் திரை காட்டியது. நல்லசிவமோ முகம் வீங்கி, மனைவி செவ்வந்தியின் தோளில் சாய்ந்து நின்றிருந்தார்.

"கதவு ஆளை நம்பாது, நோயாளி எண்ணைத்தானுங்க நம்பும்," என்றார் நர்ஸ்.

செவ்வந்திக்கு உடனே புரிந்தது. மருத்துவமனைகளின் பழைய தரவுத்தளத்தை வெப்அசெம்பிளி என்ற இணைப்பு வழியாக, கதவுத் திரைகளை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலோடு இணைத்தவளே அவள்தான். நோயாளியின் பத்தொன்பது இலக்க எண் அவ்வளவு நீளத்தைத் தாங்காத ஜாவாஸ்கிரிப்டுக்கு வரும்போது கடைசி இலக்கங்கள் மாறிவிடும், ஒருவர் செத்தால் இன்னொருவர் செத்ததாகக் காட்டும் என்று மேலாளர் சகாதேவனிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது அவரைப் போனில் அழைத்தாள்.

"திங்கக்கிழமை பாக்கலாம்மா."

"அதுவரைக்கும் உங்க கிட்னியைக் கழட்டிக் குடுப்பீங்களா சார்?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். இலக்கம் மாறாமலிருக்க எண்ணை எழுத்துகளின் வரிசையாகவே அனுப்பும்படி நிரலை மாற்றி, யாரையும் கேட்காமல் சர்வரில் ஏற்றினாள். கதவு திறந்தது.

கணவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து பார்த்தால், பதிவேட்டில் அதுவரை இறந்ததாகக் காட்டப்பட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உயிர் பெற்றிருந்தார்கள். அந்தப் பட்டியலில் முதலில் இருந்தவர் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, இனிமே உங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில சேத்துக்குவாங்க."

"அவரு ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டாரு," என்றது ஒரு பெண்குரல். "பதினாறு நாளாச்சு."

"போலீஸ்ல புகார் குடுங்கம்மா," என்றாள் செவ்வந்தி. "சாட்சிக்கு நான் வர்றேன். அவரைச் செத்ததாக் காட்டின நிரலை எழுதினதே நான்தான்."