தட்டையான பை

“நூத்தி முப்பது! பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் சிஸ்டர், இவரு பிரஷர் இறங்கியிருக்கு,” என்று சிரித்தாள் வேதவல்லி. “இனிமே ஊறுகாயை ஒளிச்சு வைக்காதடி,” என்றார் கட்டிலில் கிடந்த அவள் கணவர் துரைக்கண்ணு. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிப்போய், நேற்றுதான் அதை விரிக்க ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். உள்ளே வந்த டாக்டர் பிரஷர் மெஷினைப் பார்க்கவில்லை. குனிந்து, கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்தார். தட்டையாக இருந்தது.

“நேத்துலேருந்து இதை யாரு காலி பண்றது?”

“அவங்கதான் டாக்டர்,” என்று வேதவல்லியைக் காட்டினாள் நர்ஸ்.

“நானா? நீங்கதான்னுல்ல நெனச்சேன்,” என்றாள் வேதவல்லி.

யாருமே காலி செய்யாத அந்தப் பைக்கு வரும் குழாயை டாக்டர் விரலால் நீவினார். அந்த ஒற்றைச் சிறுநீரகத்திலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை.

“ஏன்டி, மாவடு இருக்குல்ல?” என்றார் துரைக்கண்ணு.