கை நனைக்காத மாப்பிள்ளை

இலையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை கை நனைக்கவில்லை.

கறிக்குழம்பு வாளியோடு அவள் குனிந்தபடியே நின்றாள். சோற்றில் அவர் குழி பறித்தால்தானே ஊற்ற முடியும்?

அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னை ப்ளாக் பண்ணி வச்சிருக்கிற வீட்ல எனக்கென்ன சாப்பாடு?"

அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

தனசேகர். அவள் நாத்தனார் சுகந்தியின் புருஷன். வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. பொங்கல் முடிந்த கையோடு கறிவிருந்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வருவார். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும். மாமனார் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சுவரோரம் காத்திருந்தார்.

"என்னம்மா இதெல்லாம்?" என்றாள் மாமியார். "எடுத்து விட்ரும்மா. வீட்டு மாப்பிள்ளை பட்டினியா எழுந்து போனா நமக்கு ஆகுமா?"

ரோஷமாம் ரோஷம்!

முதலில் அவள் போனுக்கு அவரிடமிருந்து 'சாப்பிட்டியா' என்றுதான் வந்தது. அதில் ஒன்றும் இல்லை. அண்ணன் முறை, கேட்கிறார் என்று பதில் போட்டாள்.

பிறகு, 'மாடியில ஈரத்தலையோட நின்னியே, கண்ணுக்குள்ளயே நிக்குது.'

பிறகு, 'அவனுக்கு இன்னைக்கு நைட் ஷிஃப்டா?'

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் வாயால் சொல்ல முடியாது. அந்த நாய் கொஞ்சமும் கூசாமல் அனுப்பியது.

புருஷனிடம் சொன்னாள். கதிரேசன் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அவரு ஜாலியான ஆளு. நீ எதையாவது கிளப்பிவிட்டு என் தங்கச்சி வாழ்க்கையில மண்ணைப் போட்டுடாதே."

தங்கச்சி வாழ்க்கை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகந்தி பாவம். வந்தால் சமையலறையிலேயே கிடப்பாள், அண்ணி அண்ணி என்று பின்னாலேயே சுற்றுவாள். அவள் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது?

ஓசையில்லாமல் ப்ளாக் செய்தாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது அந்த நிம்மதியும் இவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பட்டன்தானே," என்றான் கதிரேசன். எல்லார் முன்னாலும். "எடுத்துத் தொலையேன்."

அவள் வாளியைத் தரையில் வைத்த வேகத்தில் குழம்பு தளும்பிச் சேலையில் தெறித்தது. ஃபிரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்தாள். தடையை எடுத்தாள்.

"எடுத்தாச்சு."

அதோடு விட்டிருக்கலாம். விடுவானா மாப்பிள்ளை?

"சுகந்தி, நீ வாங்கிப் பாரு. சும்மா வாயில சொல்லுவாங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். துளிப் பயம் இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் போனில் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும் என்று அந்த மேதாவிக்கு நினைப்பு.

எதுவும் போகவில்லை. ப்ளாக் செய்தால் புதிதாக வராது, அவ்வளவுதான். வந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் அப்படியே இருந்தது.

சுகந்தி கையை நீட்டினாள். இன்னொரு கையில் அவனுக்குக் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு.

திரையை மூடிவிட இன்னும் நேரம் இருந்தது. நானே காட்டுகிறேன் என்று தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். கதிரேசனுக்கு என்ன தோன்றியதோ, "கொண்டா இங்க, நான் பாக்குறேன்," என்று எழுந்தான்.

இத்தனை மாதம் பார்க்காதவன் இப்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

திறந்தபடியே சுகந்தியிடம் கொடுத்தாள்.

சுகந்தி செம்பைக் கீழே வைத்தாள். விரலால் மேலே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். தீபாவளிக்குப் போனாள். ஆடிக்குப் போனாள்.

ஒரு தேதியில் விரல் நின்றது.

சுகந்தி தன் சின்ன மகளைப் பெற்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த தேதி. புருஷன் வெளியே பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார் என்று ஊரெல்லாம் அவரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன, எடுத்துட்டாங்களா?"

"ம்," என்றாள் சுகந்தி. "எடுத்துட்டாங்க."

"அது!" மாப்பிள்ளை கட்டியிருந்த கையை அவிழ்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். சோற்றை நோக்கிக் கையை நீட்டினார்.

சுகந்தி இலைக்கு எதிரே மண்டியிட்டாள்.

விருந்துக்கு உட்கார்ந்தவர் இலையைத் தன் பக்கமாக மடிப்பார். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில்.

அவர் மடியோரம் கிடந்த இலை விளிம்பை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். சோறும் கறியும் கூட்டும் வைத்தது வைத்தபடி இருக்க, அப்படியே தூக்கி அவருக்கு எதிர்ப்பக்கமாக, தன்னை நோக்கி மடித்தாள். ஒரு கோலா உருண்டை மட்டும் நழுவி அவர் வேட்டியில் விழுந்தது.

"அடியே!" என்றாள் மாமியார். "என்ன காரியம்டி பண்ற?"

சுகந்தி திரும்பவில்லை. அடுக்கிலிருந்து புது இலை ஒன்றை உருவினாள். செம்புத் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தாள். அவருக்கு எதிர்வரிசையில் விரித்தாள்.

"அண்ணி, நீங்க உட்காருங்க. அந்த வாளியைக் குடுங்க."