அன்னத்தின் அலகு

இரவு ஷிஃப்ட் வேலையை விட்ட பிறகும் மருதப்பன் இரவுகளில் வீட்டுக்குள் தங்கவில்லை. சாப்பிட்டதும் தொலைநோக்கியோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவான். அன்று அவன் மனைவி திலகா சத்தமில்லாமல் ஏறிப் போனாள். கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தவன் அவளைக் கண்டதும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“யாருகிட்ட பேசுனீங்க?”

“யாருகிட்டயும் இல்ல. அன்னம்ங்கிற நட்சத்திரக் கூட்டத்தோட அலகுல ஜோடி நட்சத்திரம் இருக்கு. ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம். இவ்வளவு நேரமா அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். நீயும் பாரு, குழாய அசைச்சிடாத.”

பூமி சுற்றுவதால் எந்த நட்சத்திரமும் தொலைநோக்கியில் தெரியும் வட்டத்துக்குள் நிற்காது, குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். திலகா குனிந்து கண்ணை வைத்தாள். வட்டம் முழுக்க இருட்டு. வெகுநேரமாகக் குழாயை யாரும் தொடவில்லை.

“தெரியுதா?”

“தெரியுதுங்க. மஞ்சளும் நீலமும் பக்கத்துல பக்கத்துல நிக்குது.”

மருதப்பன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். அன்னம் குழாய் காட்டிய திசையை விட்டு வெகுதூரம் போயிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.