ஒரு சாண் மேலே

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு ஃபிரிட்ஜின் ஸ்டீல் கதவில் சாய்ந்து கிடக்கிறது. அக்கா ஆசைப்பட்டு வாங்கியது. அவள் செத்தபின் யாரும் துடைக்காமல் பிசுக்கேறிப்போய், இன்று பிளக் பிடுங்கப்பட்டு ஊமையாக நிற்கிறது. தங்கை கதவருகே வாயைக் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதுகிறாள். ஆவி படர்கிறது, அது கலைவதற்குள் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறாள். வட்டமாகத் தேய்த்தால் அக்காவுக்கு ஆகாது. "ஸ்டீல்ல ஓடுற கோட்டைப் பாருடி, அது போற பக்கமா துடை" என்று உயிரை வாங்குவாள்.

"ஆச்சாம்மா? வாங்குறவங்க கிளம்பிட்டாங்களாம்," கூடத்திலிருந்து அத்தான் குரல் கொடுக்கிறார்.

"இதோ, முடிஞ்சிருச்சு அத்தான்."

கதவில் வட்டத் தடங்கள் வெயிலில் பளிச்சென்று தெரிகின்றன. இது போதும் என்று துணியை மடிக்கிறாள். அவள் முகம் மங்கலாகத் தெரியும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, நெட்டையான அக்காவின் வாய் இருந்த உயரத்தில், மெல்ல ஆவி படர்கிறது. கலைகிறது. பொறுமை இழந்ததுபோல் மறுபடியும் படர்கிறது. அவள் கையை ஊன்றி எக்கி நிற்கிறாள். மடித்த துணியை மறுபடி விரிக்கிறாள்.

"சரிக்கா," என்கிறாள், கூடத்துக்குக் கேட்காதபடி. "கோட்டோடயே துடைக்கிறேன்."