கூடு கட்டும் படிப்பு

தூக்கணாங்குருவிகள் நடத்தும் கல்லூரியில் காகத்தின் மகனுக்குக் கூடு கட்டும் படிப்பில் இடம் கிடைத்தது. கட்டணம் வருஷத்துக்கு ஐம்பது சுள்ளி. தாய்க்காகம் தன் கூட்டையே பிரிக்கத் தொடங்கியதைப் பக்கத்துக் கிளை அணில் ஆவலோடு பார்த்தது.

"முட்டை போட்ட அன்னைக்கே சேர்க்க ஆரம்பிச்சிருக்கலாமே, அக்கா?"

"இவ்வளவு கேப்பாங்கன்னு யாருக்குடி தெரியும்?"

"பையன் எங்கே தங்குவான்?"

"ஹாஸ்டல்லதான். அதுக்குத் தனியா இருபது."

"அப்போ நீங்க?"

"மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே!" காகம் கடைசிச் சுள்ளியையும் உருவியது. "இந்த வருஷத்துக்குச் சரியாப் போச்சு."

"மொத்தம் எத்தனை வருஷம்?"

"நாலு" என்ற காகம், அணிலின் கூட்டை மேலும் கீழும் பார்த்தது.

அணில் சட்டென்று போய்த் தன் கூட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டது.