நீலச் சுடிதார்

குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் காக்கி உடுத்தக் கூடாது என்பது சட்டம். அதற்காகவே மகளிர் காவல் நிலைய அலமாரியில் ஒரு நீலச் சுடிதார் இருந்தது. அன்றைக்கு யார் முறையோ அவர் போட்டுக்கொள்வார். அன்று ஏட்டு அருள்செல்வியின் முறை.

பொம்மைப் படம் ஒட்டிய அறையில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுடிதார் கையில் பிரிந்திருந்த தையலைத் தொட்டுப் பார்த்தது.

"அன்னைக்கு வந்த அக்காவும் இதத்தான் போட்டிருந்தாங்க. அவங்ககிட்ட சொன்னேன். ஆஸ்பத்திரில சொன்னேன். கமிட்டி ஆபீஸ்ல சொன்னேன். மறுபடியுமாக்கா?"

அருள்செல்வி எழுந்து இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"மேடம், நாம முதல்ல எழுதுனது எங்க?"

"குழந்தைகள் நலக் கமிட்டிக்கு அனுப்புனோம். அவங்க ஆஸ்பத்திரிக்குப் போச்சுங்கிறாங்க. ஆஸ்பத்திரில கேட்டா வரவே இல்லையாம். இவங்களோட மாரடிக்க முடியாது, நீ இன்னொரு தடவ கேட்டு எழுதிரு."

சற்று நேரத்தில் அருள்செல்வி காக்கியில் வந்து நின்றாள்.

"என்னம்மா கூத்து இது?"

"இனி நான் கேட்டா சட்டப்படி தப்பு மேடம்."

"சுடிதார் எங்க? வேற ஆள அனுப்புறேன்."

"தொவச்சுப் போட்டுட்டேன் மேடம்."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

பொம்மைப் பட அறையின் ஜன்னலுக்கு வெளியே, கொடியில், சுடிதார் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல வெயில்.

"அக்கா," என்றது பிள்ளை, அறை வாசலில் நின்ற அருள்செல்வியிடம். "அது காய எவ்வளவு நேரமாகும்?"